விரலை எடுத்ததும் தட்டு தடங்குதா? ஃப்ளட்டர் (போன் செயலி செய்யிற கூகிளின்ர கருவி) கேள்வி பதில்

சுன்னாகத்திலிருந்து: அண்ணை, யாழ்ப்பாணம் - பருத்தித்துறை பஸ் நேரங்களைக் காட்ட, கீழேயிருந்து இழுத்துத் திறக்கிற தட்டு ஒண்டு செய்திருக்கிறன். விரலோட நல்லா வருது. விட்டவுடன ஒருக்கா தடங்கி, பிறகுதான் திறக்குது. தட்டை முடிவிடத்துக்கு நகர்த்த அனிமேட்டூ, அதுக்கு ஈஸ்இன்அவுட் (மெதுவாத் தொடங்கி மெதுவா முடியிற அசைவு), 300 மில்லிசெக்கன் குடுத்திருக்கு.

பதில்: தடங்கல் அந்த ஈஸ்இன்அவுட்டாலதான், தம்பி. அது பூச்சிய வேகத்தில தொடங்கும். விரல் குடுத்த வேகம் அந்த இடத்திலேயே செத்துப்போகுது.

இழுத்து விரலை விட்டவுடன வாற டிராக் எண்ட் தாற வேகம், செக்கனுக்கு இத்தனை பிக்சல் எண்ட கணக்கு. அனிமேஷனை ஓட்டுற கொன்ட்ரோலர் ஓடுறது 0 (மூடினது) இலிருந்து 1 (முழுக்கத் திறந்தது) வரைக்கும். அதால வேகத்தைத் தட்டின்ர உயரத்தால பிரிக்கவேணும். மேல இழுத்தால் மறைப்பெறுமானம் வரும், குறியையும் மாத்துங்கோ. உயரம் 400, வேகம் -1200 எண்டால் விடை 3. சுருள்வில் மாதிரி அசைவைக் கணக்கிடுற ஸ்பிரிங் சிமுலேஷனுக்கு கொன்ட்ரோலரின்ர இப்போதைய வல்யூ, முடிவு 1, வேகம் 3 குடுத்து, கொன்ட்ரோலரின்ர அனிமேட்வித்தில ஓட விடுங்கோ. நிறை 1, விறைப்பு 400, தணிப்பு 40 நல்லாப் பொருந்தும். நிறையையும் விறைப்பையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரட்டிச்சால் வாறதுதான் அந்த 40. அதைக் குறைச்சால் தட்டு துள்ளும். ஆனால் சாதாரண கொன்ட்ரோலர் 1 ஐத் தாண்டினதை வெட்டிப்போடும். துள்ளல் கண்ணுக்குத் தெரியவேணுமெண்டால் எல்லை இல்லாத அன்பவுண்டட் கொன்ட்ரோலர் எடுங்கோ.

திறக்கிறதா மூடுறதா? பிரிச்சு வந்த வேகம், குறியைப் பாக்காமல், 1 ஐ விடக் கூட எண்டால் விரல் போன திசை. குறைய எண்டால் பாதிக்கு மேலயா கீழயா எண்டு பாத்தால் காணும்.

சாவகச்சேரியிலிருந்து: தட்டு ஓடிக்கொண்டிருக்கேக்க திரும்பப் பிடிச்சால் விரலுக்குக் கீழால வழுக்கிப் போகுது அண்ணை.

பதில்: ஓடுற அனிமேஷனை நிப்பாட்டுறதை, இழுவை தொடங்கேக்க வாற டிராக் ஸ்டார்ட்டில எழுதியிருப்பீங்கள், தங்கச்சி. விரல் பட்ட இடத்தில பட்டன் இருந்தால், விரல் ஏறக்குறைய 18 லொஜிக்கல் பிக்சல் நகர்ந்த பிறகுதான் அது வரும். ஸ்டொப்பை, விரல் பட்டவுடன வாற டிராக் டவுனில கூப்பிடுங்கோ. இதில ஒரு பொறி இருக்கு: தொட்டுப்போட்டு இழுக்காமல் விட்டால் டிராக் எண்ட் வராது, டிராக் கான்சல்தான் வரும். அதிலயும் தட்டை ஒரு பக்கம் ஒதுக்காட்டில் பாதியில தொங்கி நிக்கும். இதைக் கனபேர் மறந்துபோறவை.

இழுக்கேக்க, கொன்ட்ரோலரின்ர வல்யூவை வளைச்சுக் குடுக்கிற கர்வ்ட் அனிமேஷனையும் கழட்டிவிடுங்கோ. அது இருந்தால் விரல் ஒரு இடம், தட்டு ஒரு இடம்.

நெல்லியடியிலிருந்து: தட்டுக்குள்ள இருக்கிற லிஸ்ட்டை உருட்டினால் லிஸ்ட் மட்டும் ஓடுது, தட்டு அசையாது.

பதில்: இழுவையையும் உருட்டலையும் சேர்த்துப் பாக்கிற டிராகபிள் ஸ்க்ரோலபிள் ஷீட் பாவியுங்கோ. அதின்ர பில்டர் தாற ஸ்க்ரோல் கொன்ட்ரோலரையே லிஸ்ட்வியூவுக்குக் குடுக்கவேணும். சொந்தமா ஒண்டு உருவாக்கிக் குடுத்தால் இதே பிரச்சினைதான்.

கொடிகாமத்திலிருந்து: பழைய போனில திணறுது.

பதில்: முதல்ல வேகத்தை அளக்கிறதுக்கான புரொஃபைல் மோடில ஓட்டிப் பாருங்கோ, பிழை தேடுறதுக்கான டீபக் மோடை வச்சு முடிவெடுக்கக் கூடாது. அப்பவும் திணறினால் ஒவ்வொரு ஃபிரேமிலயும் ஓடுற லிசனருக்குள்ள, திரையைத் திரும்பக் கட்டுற செட்ஸ்டேட் கிடக்கும். அதை எடுத்துப்போட்டு அனிமேட்டட் பில்டருக்கு மாறுங்கோ, மாறாத பகுதியை அதின்ர சைல்ட்டாக் குடுங்கோ. 60 ஹேர்ட்ஸ் திரையில ஒரு ஃபிரேமுக்கு 16 மில்லிசெக்கன்தான் இருக்கு. உயரத்தை மாத்தினால் ஒவ்வொரு ஃபிரேமிலயும் லேஅவுட் திரும்ப நடக்கும். டிரான்ஸ்ஃபோர்மால நகர்த்தினால் அது இல்லை.