கல்யாணம் ஆகாத பெண்ணின் ஓவரி கட்டிக்குள் முடியும் பல்லும் இருக்குமா? அது குழந்தையா?

இருக்கும். ஆனால் அது குழந்தை இல்லை, கலைந்த கருவும் இல்லை. கேள்வியில் "கல்யாணம் ஆகாத" என்று போட்டிருக்காவிட்டால் நான் பாட்டுக்கு நகர்ந்து போயிருப்பேன். உங்கள் தங்கைக்கோ அக்கா மகளுக்கோ ஆபரேஷன் ஆகியிருக்கும், வீட்டில் யாரோ வாய் விட்டிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

டிஎம்எல்டி என்ற லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்த வருடம் எனக்கே வந்தது. அடிவயிற்றில் வலி, ஸ்கேன் எடுத்தால் வலது ஓவரியில் டெர்மாய்டு, அதாவது நீங்கள் கேட்கும் இதே முடியும் பல்லும் உள்ள கட்டி. ஆபரேஷன் முடிந்ததும், எடுத்த கட்டியை ஒரு டிரேயில் வைத்து தியேட்டர் வாசலில் நின்றவர்களிடம் காட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் இது ஒரு வழக்கம், எதற்கென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அம்மாவோடு நின்ற சித்தி உடனே போனில் படம் எடுத்துவிட்டார். உறைந்த நெய் மாதிரி மஞ்சளாக ஒரு பிசுக்கு, அதில் சுருண்ட முடி, ஓரத்தில் ஒரு பல். எனக்கு மயக்கம் தெளியும் முன்பே படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. என் வயிற்றில் இருந்ததை நான் பார்ப்பதற்கு முன் திருப்பூர் மாமா பார்த்துவிட்டார். பெரியம்மா ஒருவர், "பல்லு முளைக்கிற வரைக்கும் எப்படி மறைச்சா?" என்று அம்மாவிடமே கேட்டார். பிறக்கிற குழந்தைக்கே பல் தெரியாதே, இது எந்தக் கணக்கில் சேரும் என்று அந்தக் குழுவில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

நான் டாக்டர் இல்லை, உடலிலிருந்து எடுத்த திசுவைச் சோதிக்கும் ஹிஸ்டோபெத்தாலஜி லேபில் டெக்னீஷியன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது பெத்தாலஜிஸ்ட். அதனால் டாக்டர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், தெரிந்ததை மட்டும்தான் சொல்கிறேன். சினைமுட்டை ஆக வேண்டிய செல் ஒன்று, விந்தணு வராமலேயே தானாகப் பிரிந்து வளர ஆரம்பித்துவிடுகிறது. எந்த உறுப்பும் எடுக்கத் தெரிந்த செல் அது, ஆனால் வழிநடத்த ஆள் இல்லை. அதனால் தோல், முடி, எண்ணெய்ச் சுரப்பி, பல் என்று கலந்துகட்டி வளர்கிறது, சில நேரம் தைராய்டு, மூளைத் திசுகூட இருக்கும். இதில் ஆணுக்குப் பங்கே இல்லை என்று 1975லேயே குரோமோசோம்களை ஒப்பிட்டுக் காட்டிவிட்டார்கள். வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் வரும். இப்படிப் பலவகைத் திசு கலந்து வளரும் கட்டிகளுக்குப் பொதுப்பெயர் டெரட்டோமா, டெர்மாய்டு அதில் ஒரு வகை. இதே டெரட்டோமா ஆண்களின் விதையிலும் வரும், அப்போது எப்படி மறைத்தான் என்று யாரும் கேட்பதில்லை.

ரிப்போர்ட் தாமதமாகிறது என்று கோபப்படாதீர்கள். பல்லோ எலும்போ இருந்தால் அமிலத்தில் ஊற வைத்து சுண்ணாம்பை எடுத்த பிறகுதான் வெட்ட முடியும். முடி சிக்கினால் திசுவை மெல்லிசாகச் சீவும் மைக்ரோடோம் மெஷினின் பிளேடு போச்சு, ஸ்லைடெல்லாம் கீறல் விழும்.

அசிங்கம் என்று நம் வீட்டில் மூக்கைப் பிடித்த இந்தக் கட்டி வகையிலிருந்துதான், எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய கரு ஸ்டெம்செல் பற்றிய ஆராய்ச்சியே கிளம்பியது. 1953இல் அமெரிக்காவின் பார் ஹார்பரில் லெராய் ஸ்டீவன்ஸ் என்பவர் சிகரெட் ஆராய்ச்சிக்காக எலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 129 என்ற வகையில் ஒரு எலிக்கு விதை வீங்கியிருந்தது, அறுத்துப் பார்த்தால் டெரட்டோமா. அந்த வகையில் நூற்றில் ஓர் ஆண் எலிக்கு அது வரும். மனுஷன் சிகரெட்டை விட்டுவிட்டு அந்த எலிகளோடே பல வருஷம் கிடந்தார். 1964இல் கிளைன்ஸ்மித், பியர்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதே கட்டியின் புற்றுநோய் வகையிலிருந்து ஒரே ஒரு செல்லை எலிக்குள் வைத்தே பலவகைத் திசுக்கள் வளர்வதைக் காட்டினார்கள். அந்தக் கட்டி செல்களை வளர்த்துப் பழகிய கைதான் 1981இல் எலிக்கருவிலிருந்து ஸ்டெம்செல் எடுத்தது, அதில் ஒருவரான மார்ட்டின் எவான்ஸ் 2007இல் நோபல் வாங்கினார். 2006இல் ஜப்பான் விஞ்ஞானி யாமனாகா எலியின் சாதாரணத் தோல் செல்லை ஸ்டெம்செல் நிலைக்குத் திருப்பியபோதும், அது நிஜமாகவே எல்லாத் திசுவும் ஆகுமா என்று சோதிக்க எலிக்குள் வைத்து டெரட்டோமா வருகிறதா என்றுதான் பார்த்தார்கள்.

ஸ்டெம்செல் என்றதும் ஞாபகம் வருகிறது, பிரசவத்துக்குப் போன என் நாத்தனாரை மடக்கி, தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்தால் பின்னால் எந்த நோய் வந்தாலும் கவலையில்லை என்று சொல்லி ஒரு கம்பெனி மாதத் தவணையில் தலையில் கட்டிவிட்டது. தனியாரிடம் இப்படிச் சேமிப்பதை மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரே பரிந்துரைப்பதில்லை. சொன்னால் எனக்குப் பொறாமையாம். சரி, விடுங்கள்.

ரிப்போர்ட்டை நீங்களே கையில் வாங்குங்கள். "மெச்சூர்" (முதிர்ந்தது) என்றிருந்தால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது, ஆனாலும் பத்தில் ஒருவருக்கு இரண்டு ஓவரியிலும் வரும் என்பதால் மற்றதையும் ஸ்கேனில் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். "இம்மெச்சூர்" என்றிருந்தால் அது மிக அரிதான வேறு வகை, முதிராத நரம்புத் திசு எவ்வளவு என்று பார்த்து கிரேடு போட்டிருப்பார்கள், தாமதிக்காமல் புற்றுநோய் மருத்துவரிடம் போங்கள், லேபில் உங்கள் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாராஃபின் பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிப் போங்கள். படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.