மலையேறினால் மனம் லேசாகிறது, மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு பிள்ளைகள். சென்ற வருடம் அம்மா இறந்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. எதற்கெடுத்தாலும் அழுகை, திடீர் திடீரென்று நெஞ்சு படபடப்பு. மனச்சோர்வும் பதற்றமும் இருப்பதாகச் சொல்லி, எஸ்சிட்டலோபிராமும் குளோனாசெபாமும் சேர்ந்த மாத்திரையை இரவில் போடச் சொன்னார் மனநல மருத்துவர். நான்கு மாதமாகப் போடுகிறேன், பாதி பரவாயில்லை. போன மாதம் அலுவலகத் தோழிகளோடு சிறுவாணிப் பக்கம் ட்ரெக்கிங் போனேன். ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் பயந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு நாலு நாள் நல்ல தூக்கம், மனசும் லேசாக இருந்தது. ஐந்தாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. மாதம் ஒரு முறை இப்படிப் போய்வந்தால் மாத்திரையை விட்டுவிடலாமா? 'ஊர் சுத்துறதுக்கு இது ஒரு சாக்கு' என்கிறார் என் கணவர். அவருக்கு நான் என்ன சொல்வது?
- வாசகி, கோவை

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். ஆனால் இதைப் படித்து முடிப்பதற்குள் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அந்த நாலு நாள் நீங்கள் உணர்ந்தது உண்மைதான், பிரமை இல்லை. மனச்சோர்வோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் என்னிடம் சொல்வது, "நினைப்பை நிறுத்த முடியலை டாக்டர்" என்பதுதான். இன்னும் கொஞ்சம் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கலாமோ, அன்றைக்கு அம்மாவிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாமோ என்று ஒரே எண்ணத்தை மனம் திரும்பத் திரும்ப அசைபோட்டுக்கொண்டே இருக்கும். இந்த அசைபோடுதல்தான் மனச்சோர்வைக் கிளறிக்கொண்டே இருப்பது. 2015-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவை மரங்களும் புல்வெளியும் உள்ள பாதையில் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். இன்னொரு குழுவை அதே 90 நிமிடம் வாகன நெரிசல் மிகுந்த சாலையோரம் நடக்கவிட்டார்கள். மரங்களுக்கிடையே நடந்தவர்களிடம் அசைபோடுதல் குறைந்தது. அதோடு சம்பந்தப்பட்ட, மூளையின் முன்பக்கத்து உட்பகுதி ஒன்றின் இயக்கமும் ஸ்கேனில் தணிந்து தெரிந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. இரண்டு குழுவும் நடந்தது ஒரே நேர அளவுதான். அதனால் வித்தியாசத்துக்கு வெறும் நடை காரணமில்லை, நடந்த இடமும் ஒரு காரணம். ஆனால் ஒன்று, அதில் கலந்துகொண்டவர்கள் மனநோய் எதுவும் இல்லாத ஆரோக்கியமானவர்கள். அதை மறந்துவிட்டுச் சிலர் இந்த ஆய்வை மருந்துக்கு மாற்று என்பதுபோல எழுதுகிறார்கள். அது சரியில்லை.

மலைப்பாதையில் அப்படி என்னதான் நடக்கிறது? நீங்கள் கணக்குப் பார்ப்பவர், உங்களுக்கு எளிதாகப் புரியும். மாதக் கடைசியில் ஜிஎஸ்டி பில்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும்போது கவனத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்க வேண்டும், போன் வந்தால்கூட எரிச்சல் வரும். நாள் முழுக்க அப்படிப் பிடித்து வைத்தால் அந்தச் சக்தி தீர்ந்துபோகிறது. காட்டுப்பாதை உங்களிடம் வேறு மாதிரிக் கவனத்தைக் கேட்கிறது. அடுத்த அடியை இந்தக் கல்லில் வைப்பதா அந்த வேரில் வைப்பதா என்று கால் பார்த்துக்கொள்கிறது, காது தண்ணீர்ச் சத்தத்தைத் தானாகப் பிடிக்கிறது, மேலே மரத்தில் ஏதோ அசைந்தால் கண் போகிறது. எதிலும் சிரமப்பட வேண்டியதில்லை, களைத்த கவனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கப்லான் தம்பதியர் 1980-களிலேயே இதை விளக்கியிருக்கிறார்கள். 2008-ல் அதே பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில், மரப்பூங்காவில் நடந்துவிட்டு வந்தவர்களால் எண்களைத் தலைகீழாக நினைவுபடுத்திச் சொல்வது நன்றாக முடிந்தது. கடும் குளிரில், நடையை ரசிக்காமல் நடந்தவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. மனச்சோர்வில் எதையுமே ரசிக்க முடியவில்லையே, நான் போய் என்ன பயன் என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: ரசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, போய் நடந்தால் போதும்.

தூக்கத்துக்குக் காரணம் இன்னும் எளிது. உங்கள் அலுவலக அறையின் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். வெளியில், மேகமூட்டமான நாளில்கூட அது பல ஆயிரம் லக்ஸ். காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் மூளையின் கடிகாரம் சரியாக ஓடத் தொடங்கி, இரவில் தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் நேரத்துக்குச் சுரக்கிறது. அன்றைக்கு நீங்கள் விடியற்காலையில் எழுந்திருப்பீர்கள், பல மணி நேரம் வெளிச்சத்தில் இருந்திருப்பீர்கள், உடம்பும் அலுத்திருக்கும். இரவில் போனைத் தொடக்கூடத் தோன்றியிருக்காது. தோழிகள் கூட வந்ததும் சேர்த்தி. அம்மா போன பிறகு யாரோடாவது மனம்விட்டுப் பேச வாய்த்ததா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது, முகத்துக்கு நேரே உட்கார்ந்து சொல்ல முடியாததைக்கூடச் சொல்லிவிட முடியும்.

சரி, ஐந்தாம் நாள் ஏன் பழையபடி ஆனது? மலையேற்றத்தின் பலன் வங்கியில் போட்ட பணம் மாதிரி சேர்ந்துகொண்டு இருக்காது. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் திரட்டிய தகவல்களை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் கழித்தவர்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். ஒரேயடியாக இரண்டு மணி நேரம் போனார்களா, பிரித்துப் பிரித்துப் போனார்களா என்பதில் வித்தியாசம் இல்லை. நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற சந்தேகம் இந்த மாதிரி ஆய்வுகளில் எப்போதும் உண்டு. ஆனாலும் வாரக் கணக்கு என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு நாள் மலை, மீதி நாளெல்லாம் நாற்காலி என்றால் நாலு நாளுக்குத்தான் தாங்கும். வாரத்தில் நாலைந்து நாள், அரை மணி அல்லது முக்கால் மணி நேரம், மரமோ தண்ணீரோ இருக்கிற இடத்தில் நடங்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்காவோ சிங்காநல்லூர் குளக்கரையோ, வீட்டுக்கு எது பக்கமோ அது. அப்புறம் மாதம் ஒரு முறை மலைக்குப் போனால் அது மேலதிக லாபம். மருதமலை, மாங்கரைப் பக்கம் அடிவாரத்தில் வீடு என்றால் இருட்டோடு தனியாகக் கிளம்பாதீர்கள். யானை நடமாட்டம் உள்ள இடங்கள், நன்றாக விடிந்த பிறகு நடந்தால் போதும்.

இப்போது மாத்திரை விஷயம். உங்கள் மாத்திரையில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன, இரண்டையும் தனித்தனியாக யோசிக்க வேண்டும். எஸ்சிட்டலோபிராம் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான மருந்து. அதைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவுகள், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற சுருக்கென்ற உணர்வு வரலாம். பலர் இதை நோய் திரும்பிவிட்டதாக நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். முழுக்கக் குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைப்பதுதான் வழக்கம். நீங்கள் இன்னும் 'பாதி பரவாயில்லை' கட்டத்தில்தான் இருக்கிறீர்கள். பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தருகிற குளோனாசெபாம் வேறு ரகம். அது பழகிப்போகிற மருந்து, நீண்ட நாள் தேவைப்படாமல் போவதே நல்லது. ஆனால் மாதக்கணக்கில் போட்டுவிட்டுச் சட்டென்று விட்டால் தூக்கம் அடியோடு போகும், படபடப்பு இரட்டிப்பாகும், சிலருக்கு வலிப்புகூட வரும். நான்கு மாதம் ஆகிவிட்டதால், இதை மெல்லக் குறைக்கத் தொடங்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான் அது, தயங்காதீர்கள். மலைக்குப் போகும்போதும் இந்த மருந்தை நினைவில் வையுங்கள். காலையில் அதன் மயக்கம் மிச்சமிருந்தால் சரிவில் கால் தடுமாறும். முந்தைய இரவு சீக்கிரமே மாத்திரை போட்டுத் தூங்கிவிடுங்கள்.

உடற்பயிற்சி மனச்சோர்வுக்கு நல்ல மருந்துதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1999-ல் வெளியான அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வில், மனச்சோர்வுள்ள, 50 வயதுக்கு மேற்பட்ட 156 பேரைப் பிரித்து, சிலருக்குச் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரையும், சிலருக்கு உடற்பயிற்சியும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். 16 வாரம் கழித்து மூன்று குழுவிலும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் உடற்பயிற்சிக் குழுவில் இருந்தவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் தவறாமல், மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்கள். தொடக்கத்தில் வேகமாகப் பலன் தெரிந்தது மருந்து எடுத்தவர்களுக்குத்தான்.

அடுத்து நெஞ்சு படபடப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அதிகம் உதவப்போவதே இதுதான். மேடு ஏறும்போது 38 வயதுக்காரருக்கு நாடி நிமிடத்துக்கு 140-ஐத் தொடுவது இயல்பு. மூச்சு வாங்கும், வேர்க்கும், கால் நடுங்கும். பதற்றம் முற்றும்போது வருகிற அறிகுறிகளும் இவையேதான். அதனால் உங்கள் மூளை, "இதோ வந்துவிட்டது" என்று அலாரம் அடித்தது. நீங்கள் என்ன செய்தீர்கள்? பயந்தாலும் ஏறினீர்கள். ஒன்றும் ஆகவில்லை. திடீர்ப் பதற்றம் வருகிறவர்களை நாங்களே வேண்டுமென்று மாடிப்படி வேகமாக ஏறவைப்போம். நெஞ்சு அடித்துக்கொள்ளும், பிறகு தானாக அடங்கும், அதில் ஆபத்து இல்லை என்று உடம்பு நேரடியாகத் தெரிந்துகொள்ள அதுதான் வழி. அடுத்த முறை அப்படி வந்தால் திரும்பி ஓடாதீர்கள். நின்று, தடியிலோ பாறையிலோ சாய்ந்து, உள்ளே இழுக்கிற நேரத்தைவிட வெளியே விடுகிற நேரம் நீளமாக இருக்கும்படி மூச்சு விடுங்கள். அடங்கியதும் மெதுவாக ஏறுங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் உங்களுக்கான வேகம்.

ஆனால் எல்லாப் படபடப்பையும் மனதின் தலையில் கட்டிவிடக் கூடாது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது. ரத்தசோகையிலும் தைராய்டு கோளாறிலும் இதே படபடப்பும் களைப்பும் வரும், மனச்சோர்வு போலவே தோன்றும். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் பரிசோதனை இரண்டும் பார்த்து நாளாகியிருந்தால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ஏறும்போது நெஞ்சு இறுக்கி வலித்து இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும், மயக்கம் வந்தாலும், பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகும் படபடப்பு அடங்காவிட்டாலும் அன்றைய ஏற்றம் அதோடு முடிந்தது. இறங்கி வந்து இதய மருத்துவரைப் பாருங்கள்.

மலைக்கு எப்போதும் வனத்துறை வழியாகப் போவதுதான் நல்லது. 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் ட்ரெக்கிங் திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகள் இருக்கின்றன. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள், அந்தந்த மலையைத் தெரிந்த உள்ளூர் இளைஞர்கள் கூட வருகிறார்கள். நீங்கள் எளிதான பாதைகளிலேயே கொஞ்ச காலம் இருங்கள். வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறிவிட வேண்டும் என்ற ஆசை இப்போது வேண்டாம். அனுமதியில்லாத பாதைக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. கோடையில் பாதைகளை மூடுவது நம் உயிருக்காகத்தான். போய்வந்த இரண்டு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள். உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போலக் கறுத்த புண் இருந்தால் காட்டுங்கள். அது ஸ்க்ரப் டைஃபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், உரிய ஆன்டிபயாடிக்கை நேரத்தோடு தொடங்கினால் குணமாகிவிடும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை. மனநிலை ஏற்ற இறக்கத்துக்காக லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் மலையேறப் போகாதீர்கள். வேர்த்து நீர்ச்சத்து குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். வீட்டில் ஒருவர் சாப்பிடாமல், எழுந்திருக்கக்கூட முடியாமல் கிடக்கிறார் என்றால் "நாலு இடம் போய்வா, சரியாகிடும்" என்று அவரிடம் சொல்லாதீர்கள். அவரால் முடியாது, முடியவில்லையே என்ற குற்றவுணர்வுதான் கூடும். வாழவே பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அவரைத் தனியாக எங்கேயும் அனுப்பாமல், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மத்திய அரசின் மனநல உதவி மையமான டெலிமானஸ் எண் 14416, தமிழ்நாட்டில் 104. எந்த நேரத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டு ட்ரெக்கிங் கிளம்புவதைத்தான் அவர் பார்க்கிறார், இரவு இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பதைப் பார்த்திருக்க மாட்டார். அதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாலு பேருமாக குளக்கரைக்கு நடக்கப் போங்கள். சமையல் அன்றைக்கு ஒரு மணி நேரம் தாமதமானால் ஆகட்டும். அடுத்த முறை உங்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும்போதும் அவரை அழைத்துப் போங்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த மருந்தை எப்போது குறைக்கத் தொடங்கலாம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம்.