ஜூனியர் கல்லூரி பேஸ்பால் அணியில் இடம் பெறுவது எப்படி? பெற்றோர், மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகன் உயர்நிலைப் பள்ளியின் இறுதியாண்டில் படிக்கிறான். பள்ளி அணியில் இரண்டாவது பேஸ் ஆடுகிறான். அவனோடு ஆடும் இருவர் சென்ற நவம்பரிலேயே நான்காண்டுக் கல்லூரிகளில் கையெழுத்திட்டுவிட்டார்கள். இவனுக்கு இதுவரை ஓர் அழைப்பும் வரவில்லை. இரண்டாண்டுப் படிப்பு தரும் ஜூனியர் கல்லூரிக்கு முயல்வதற்காவது இனி நேரம் இருக்கிறதா? (ஒரு தந்தை, டெக்சஸ்)

பதில்: தாராளமாக இருக்கிறது. ஜூனியர் கல்லூரியில் ஒருவர் இரண்டு பருவங்கள்தான் ஆட முடியும் என்பதால், ஒவ்வொரு கோடையிலும் அணியில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியேறிவிடுகிறார்கள். இதற்கு மேல், முதலாண்டு முடிந்ததுமே பெரிய கல்லூரிக்கு மாறிப் போகிறவர்களும், தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்க ஜூலையில் நடக்கும் மேஜர் லீக் டிராஃப்ட்டில் தேர்வாகிப் பணம் வாங்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அடுத்த ஆண்டு தனக்கு எந்தெந்த இடங்களுக்கு ஆள் வேண்டும் என்பது பயிற்சியாளருக்கே மே, ஜூன் மாதங்களில்தான் தெளிவாகிறது. ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் வரை ஆள் சேர்க்கும் அணிகள் உண்டு. உங்கள் மகன் கவலைப்பட வேண்டியது காலத்தைப் பற்றியல்ல, ஆடும் இடத்தைப் பற்றி. கல்லூரிப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் இரண்டாவது பேஸ்காரரைத் தேடிப் போவதில்லை. இரண்டு மூன்று ஷார்ட்ஸ்டாப்களை (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே நின்று பந்தைத் தடுப்பவர்களை) எடுத்து, அவர்களில் கை சற்று வலுக்குறைந்தவரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்திக்கொள்வார்கள். ஆகவே அவன் ஷார்ட்ஸ்டாப்பிலும் மூன்றாவது பேஸிலும் பந்து எடுத்து எறிவதை இந்த வசந்தகாலத்திலேயே படம்பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. பந்து வீசும் பிட்சர்களுக்கும் அதை அடிப்பவருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சர்களுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. அவர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடுதான்.

கேள்வி: பயிற்சியாளரை எப்படி அணுகுவது? கடிதம் நான் எழுதலாமா, மகன் எழுத வேண்டுமா? காணொளியில் என்ன இருக்க வேண்டும்? (ஒரு தாய், ஜார்ஜியா)

பதில்: மகன்தான் எழுத வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது. பெரும்பாலான ஜூனியர் கல்லூரிகளில் தலைமைப் பயிற்சியாளரோடு ஒன்றிரண்டு உதவியாளர்கள்தான் இருப்பார்கள். மைதானத்தில் புல் வெட்டுவதும், பேருந்துக்கு ஏற்பாடு செய்வதும், மாணவர்களின் பாடப்பதிவைக் கவனிப்பதும்கூட அவர்கள் தலையில்தான் விழும். அப்படிப்பட்டவர் ஒரு மின்னஞ்சலுக்கு அரை நிமிடம் கொடுத்தால் அதுவே அதிகம். ஆகவே பொருள் வரியிலேயே செய்தி முடிந்துவிட வேண்டும்: “2026இல் பள்ளி முடிப்பவர், வலக்கை பிட்சர், 6 அடி 1 அங்குலம், வேகம் மணிக்கு 84–86 மைல், மதிப்பெண் சராசரி 3.4” என்பது போல. உள்ளே நான்கைந்து வரிகள் போதும். அந்தக் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தான், அடுத்த மூன்று வாரங்களில் எந்தத் தேதியில் எங்கே ஆடுகிறான், தன் பள்ளிப் பயிற்சியாளரின் தொலைபேசி எண் என்ன, காணொளிக்கான இணைப்பு எது என்ற நான்கும் இருந்தாக வேண்டும். சிறுவயதில் வாங்கிய கோப்பைகளின் பட்டியல் வேண்டாம்.

காணொளி இரண்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. பாட்டு, மெதுவோட்டம் எதுவும் வேண்டாம். பிட்சர் என்றால் கேட்சருக்குப் பின்னால் இருந்து ஒரு கோணமும், பக்கவாட்டில் இருந்து ஒரு கோணமும். அடிப்பவர் என்றால் முகம் தெரியும் பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும். கேட்சர் என்றால் பந்து கையுறையில் விழும் கணத்திலிருந்து இரண்டாவது பேஸில் இருப்பவர் பிடிக்கும் கணம் வரை வெட்டாமல் காட்ட வேண்டும். பயிற்சியாளர் கடிகாரத்தைத் தானே அழுத்தி அளந்து பார்ப்பார். அது இரண்டு விநாடிக்குள் இருந்தால் அன்றைக்கே பதில் வர வாய்ப்புண்டு. திரையில் நீங்களே எழுதிப்போடும் எண்ணை அவர் நம்ப மாட்டார்.

பத்து நாளாகியும் பதில் வராவிட்டால், புதிய தகவல் ஒன்றோடு மீண்டும் எழுதலாம். பயிற்சியாளருக்குத் தொலைபேசியிலும் பேசலாம். ஐம்பது கல்லூரிகளுக்கு ஒரே மடலை அனுப்பித் தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கும் சேவைகளை நான் பரிந்துரைப்பதில்லை. அத்தகைய மடல்களைப் பயிற்சியாளர்கள் முதல் வரியிலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கேள்வி: ஷோகேஸ் என்ற பெயரில் நடக்கும் தேர்வு முகாம்களுக்கு இதுவரை ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்துவிட்டோம். இன்னும் போக வேண்டுமா? (ஒரு தந்தை, நியூஜெர்சி)

பதில்: ஜூனியர் கல்லூரிதான் இலக்கு என்றால், பெரும்பாலும் வேண்டாம். பெரிய முகாமில் அளக்கப்படும் 60 கஜ ஓட்டம், பந்துவீச்சின் வேகம், மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகம் ஆகியவற்றின் நம்பகமான பதிவு ஒருமுறை கையில் இருந்தால் போதும். அதே எண்ணை மறுபடி மறுபடி விலைக்கு வாங்குவதில் பொருளில்லை. நான்காண்டுக் கல்லூரிகளின் விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவுக் கல்லூரிகளைப் போலன்றி, ஜூனியர் கல்லூரிகள் தங்கள் சொந்த மைதானத்திலேயே மாணவர்களை அழைத்து ஆட வைத்துப் பார்க்கலாம். விரும்பும் இரண்டு மூன்று கல்லூரிகளின் முகாமுக்கு நேரில் போவது செலவிலும் குறைவு. முடிவெடுப்பவரின் கண்ணெதிரே ஆடவும் கிடைக்கிறது.

கேள்வி: ஜூனியர் கல்லூரியில் முழு உதவித்தொகை கிடைக்குமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். (ஒரு தாய், இல்லினாய்)

பதில்: ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம், எல்லா ஜூனியர் கல்லூரிகளும் ஒரே விதியில் இயங்குவதில்லை என்பதுதான். ஜூனியர் கல்லூரி விளையாட்டுக்கான தேசிய அமைப்பான என்.ஜே.சி.ஏ.ஏ. மூன்று பிரிவுகளாக இயங்குகிறது. முதல் பிரிவில் கல்விக் கட்டணம், புத்தகம், தங்குமிடம், உணவு அனைத்துக்கும் உதவித்தொகை தரலாம். பேஸ்பாலில் உச்ச வரம்பு 24 பேர். இரண்டாம் பிரிவில் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் மட்டும் தரலாம். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது. வரம்பு 24 என்பதால் கல்லூரியிடம் அவ்வளவு பணம் இருப்பதாக ஆகிவிடாது. பல கல்லூரிகள் இருப்பதைப் பிரித்துக் கொடுக்கின்றன. “எத்தனை சதவீதம், எந்தெந்தச் செலவுக்கு, இரண்டாம் ஆண்டும் தொடருமா” என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கலிஃபோர்னியா தனிக்கதை. அங்குள்ள சமுதாயக் கல்லூரிகள் (பொது நிதியில் இயங்கும் இரண்டாண்டுக் கல்லூரிகள்) என்.ஜே.சி.ஏ.ஏ.வில் இல்லை, தனி அமைப்பின்கீழ் ஆடுகின்றன, விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை. தமக்கு வகுக்கப்பட்ட பகுதிக்கு வெளியே உள்ள மாணவரை அங்குள்ள பயிற்சியாளர் முதலில் தொடர்புகொள்ளவும் கூடாது. மாணவர்தான் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். அங்கிருந்து அழைப்பு வரும் என்று வேறு மாநிலத்தில் காத்திருப்பவர்கள் வீணே காத்திருக்கிறார்கள்.

உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியில் மாவட்டவாசிக்கான கட்டணம் மிகக் குறைவு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தொலைவில் உள்ள கல்லூரி பாதி உதவித்தொகை தந்தாலும், வெளிமாநிலக் கட்டணமும் விடுதிச் செலவும் சேரும்போது, உதவித்தொகையே இல்லாத உள்ளூர்க் கல்லூரி மலிவாக முடிவதுண்டு.

கேள்வி: எனக்கு ஒரு பெரிய பல்கலைக்கழக அணியில் உதவித்தொகையின்றிச் சேர வாய்ப்பு இருக்கிறது. ஜூனியர் கல்லூரியிலும் இடம் தருகிறார்கள். அங்கே போனால் ஒரு படி இறங்கியதாகாதா? (ஒரு மாணவர், நார்த் கரோலினா)

பதில்: படிக்கணக்கை விடுங்கள், அடுத்த வசந்தத்தில் எத்தனை முறை மட்டை பிடிப்பீர்கள் என்று கணக்கிடுங்கள். கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் இணைந்த முதல் பிரிவுக் கல்லூரிகளின் பேஸ்பால் அணியில் 34 பேருக்கு மேல் இருக்க முடியாது. அதற்கு முன் வரம்பு 40. கழிக்கப்படும் பெயர்கள் பெரும்பாலும் பட்டியலின் கடைசியில் இருக்கும் முதலாண்டு மாணவர்களுடையவை. அதே நேரத்தில், வேறு கல்லூரியில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆடித் தேர்ந்த 21 வயதுக்காரரை, கல்லூரி மாற விரும்புவோரின் பட்டியலிலிருந்து எடுப்பது பயிற்சியாளர்களுக்கு எளிதாகிவிட்டது. மேஜர் லீக் டிராஃப்ட்டும் ஒரு காலத்தில் 40 சுற்றுகள் நடந்தது. 2021 முதல் 20தான். அப்போது பதினெட்டு வயதிலேயே தொழில்முறைக்குப் போயிருக்கக்கூடிய பலர் இன்று கல்லூரிகளில் இடம் தேடுகிறார்கள்.

இந்த நெருக்கடியின் ஒரு பகுதி ஜூனியர் கல்லூரிகளுக்கும் வந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. மேலிருந்து கழிக்கப்பட்டவர்கள் அங்கேதான் திரும்பி வருகிறார்கள். இலையுதிர்காலப் பயிற்சியில் ஒரே இடத்துக்கு நான்கு பேர் நிற்பார்கள். அவர்களில் ஒருவர் உங்களைவிட இரண்டு வயது மூத்தவராக இருப்பார். ஆனாலும் அங்கே இருப்பது ஆடி ஜெயிக்கக்கூடிய போட்டி. இலையுதிர்காலத்தில் பிற கல்லூரிகளோடு பயிற்சி ஆட்டங்கள், வசந்தத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் கிடைக்கும்.

இன்னொன்று: நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தவர் மூன்றாமாண்டு முடியும் வரையோ 21 வயது ஆகும் வரையோ டிராஃப்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும், ஜூனியர் கல்லூரி வீரருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. பின்னாளில் மேஜர் லீக் நட்சத்திரமான பிரைஸ் ஹார்ப்பர் உயர்நிலைப் பள்ளியை இரண்டாண்டில் விட்டு, சமானத் தேர்வு எழுதி, காலேஜ் ஆஃப் சதர்ன் நெவாடாவில் ஒரே பருவம் ஆடினார். மரமட்டை லீகில் 31 ஹோம் ரன் அடித்து 2010 டிராஃப்ட்டில் முதல் ஆளாகத் தேர்வானார். அவரை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். எனக்கு அது அவ்வளவு பயனுள்ள உதாரணமாகத் தோன்றுவதில்லை, ஏனெனில் அவர் எங்கே ஆடியிருந்தாலும் தேர்வாகியிருப்பார். கான்சஸ் சிட்டியின் மேப்பிள் வுட்ஸ் சமுதாயக் கல்லூரியில் ஆடி, 1999இல் 13ஆம் சுற்று வரை யாரும் தொடாமல் விட்ட, பின்னாளில் மேஜர் லீக் நட்சத்திரமான ஆல்பர்ட் புஹோல்ஸைப் பாருங்கள். டெக்சஸின் சான் ஹசின்டோ கல்லூரியில் ஆடிய பிட்சர் ஆண்டி பெட்டிட்டையும் பாருங்கள். 1990இல் 22ஆம் சுற்றில் நியூயார்க் யாங்கீஸ் அணி அவரைத் தேர்ந்து, கல்லூரியில் அவர் வளர்வதைக் கவனித்திருந்து, மறு ஆண்டு ஒப்பந்தம் செய்தது.

கேள்வி: படிப்பில் சுமாரானவர்கள்தான் ஜூனியர் கல்லூரிக்குப் போவார்கள் என்கிறார்களே? மதிப்பெண் முக்கியமில்லையா? (ஒரு தந்தை, கலிஃபோர்னியா)

பதில்: நான் பார்த்த வரையில் பெற்றோரை மிகுதியாக ஏமாற்றும் எண்ணம் இதுதான். ஜூனியர் கல்லூரிக்குள் நுழைய உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் போதும் என்பது உண்மை, வெளியேறி என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவுக்குப் போகும்போதுதான் பள்ளிக் கணக்கு மறுபடி எடுக்கப்படுகிறது. பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்து அவற்றில் 4க்கு 2.3 சராசரி பெற்றவர் “தகுதி பெற்றவர்”. அவர் ஜூனியர் கல்லூரியில், படிப்புப் பருவத்துக்குச் சராசரியாக, புதிய கல்லூரி ஏற்கும் 12 மாற்றத்தக்க பாடமதிப்புகளும் (கிரெடிட்) 2.5 சராசரியும் வைத்திருந்தால், ஓராண்டிலேயே மாறிப் போகலாம். அத்தகுதி இல்லாதவர் ஜூனியர் கல்லூரியின் இரண்டாண்டு அசோசியேட் பட்டத்தை முடித்தாக வேண்டும். மூன்று முழுநேரப் பருவங்கள், 48 மாற்றத்தக்க பாடமதிப்புகள், அவற்றுள் ஆங்கிலத்தில் 6, கணிதத்தில் 3, இயற்கை அறிவியலில் 3 என்ற கட்டாயமும் உண்டு.

இங்கே “மாற்றத்தக்க” என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பட்டக் கணக்கில் சேராத ஆயத்தக் கணித வகுப்பில் இரண்டு பருவங்களைக் கழித்துவிட்டு, 48ஐ எட்ட முடியாமல் நிற்கும் மாணவர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார். மூன்றாமாண்டில் நுழைபவர் தான் எடுக்கும் பட்டத்தின் 40 சதவீதத்தை முடித்திருக்க வேண்டும் என்ற விதி வேறு இருக்கிறது. கணினி அறிவியலோ பொறியியலோ படிக்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு இதுதான் கடினம், ஏனெனில் பொதுப் பாடங்களை மட்டும் நிரப்பிக்கொண்டு வந்தால் அந்தச் சதவீதம் எட்டாது. எனவே முதல் பருவப் பாடப்பதிவின்போதே, போக விரும்பும் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் பாட ஏற்புப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். ஜூனியர் கல்லூரியில் ஆடிய ஆண்டுகளை என்.சி.ஏ.ஏ. எப்படிக் கணக்கிடுவது என்பது 2024 டிசம்பர் முதல் நீதிமன்றங்களில் இழுபறியாக இருக்கிறது. மாறும் நேரத்தில் உள்ள விதியைப் புதிய கல்லூரியின் தகுதி அலுவலரிடம் கேட்பதே முறை.

கேள்வி: நாங்கள் எச்-1பி குடும்பம், மகன் எச்-4 விசாவில் இருக்கிறான். அவன் ஆடலாமா, உதவித்தொகை வாங்கலாமா? (ஒரு தாய், டெக்சஸ்)

பதில்: படிக்கலாம், ஆடலாம், கல்லூரி தரும் விளையாட்டு உதவித்தொகையையும் பெறலாம். கூட்டாட்சி அரசின் நிதியுதவி மட்டும் கிடையாது. வேலை செய்யக் கூடாது என்பதுதான் கவனிக்க வேண்டியது: கல்லூரி நடத்தும் கோடைக்கால முகாமில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குவதும், தன் பெயரை விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறுவதும் சிக்கலில் கொண்டுபோய் விடும். அணியில் எல்லோரும் செய்வதால் மகனும் யோசிக்காமல் கையெழுத்திடுவான். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். நான்காண்டுக் கல்லூரிக்கு மாறும் காலமும் அதையொட்டியே வருவதால், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும் வேலையைக் குடிவரவு வழக்கறிஞரோடு ஓராண்டு முன்பே தொடங்குங்கள்.

கேள்வி: ஒரு கல்லூரி ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடச் சொல்கிறது. கையெழுத்திட்டபின் வேறு வாய்ப்பு வந்தால்? (ஒரு மாணவர், ஒக்லஹோமா)

பதில்: என்.ஜே.சி.ஏ.ஏ. ஒப்புதல் கடிதம் அதே அமைப்பிலுள்ள பிற கல்லூரிகளிடமிருந்து ஓராண்டுக்கு உங்களைக் கட்டும். நான்காண்டுக் கல்லூரி அழைத்தால் அதற்குப் போவதை அது தடுக்காது. கையெழுத்திடும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பயிற்சியைப் பாருங்கள்; முடிந்தால் இலையுதிர்காலத்தில். உங்கள் இடத்தில் இப்போது ஆடுபவர்கள் எத்தனை பேர், அவர்களில் யார் இரண்டாமாண்டு, இந்த இலையுதிர்காலத்தில் மொத்தம் எத்தனை பேரை எடுக்கிறார்கள், சென்ற மூன்றாண்டுகளில் அணியை விட்டுச் சென்றவர்கள் எந்தெந்தக் கல்லூரிகளில் சேர்ந்தார்கள் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். பிறகு, அவர் இல்லாத இடத்தில், இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம் அதே கேள்விகளைக் கேளுங்கள்.