கணக்கு லேப்டாப்பை விட்டுவிடுங்கள், மூலையில் கிடப்பதைக் கொடுங்கள்

அம்மா, வணக்கம்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பையன் ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் பொறியியல்) இரண்டாம் ஆண்டு. வீட்டில் இருக்கும் ஒரே நல்ல லேப்டாப்பில் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போடப்போகிறேன் என்று நிற்கிறான். அதே லேப்டாப்பில்தான் நீங்கள் நாலு கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதுகிறீர்கள். அவன் அப்பாவோ, "படிக்க வாங்கிக் கொடுத்ததை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்" என்று ஒரு வாரமாகப் பேச்சை நிறுத்திவிட்டார்.

முதலில் அவரைப் பேசச் சொல்லுங்கள். பையன் கேட்பது தப்பான விஷயம் இல்லை. கேட்கும் இடம்தான் தப்பு.

லினக்ஸ் என்றால் ஏதோ பொழுதுபோக்கு என்று அவர் நினைக்கிறார் போலிருக்கிறது. விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்தான் அதுவும். 1991-இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுக் கல்லூரி மாணவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டருக்காக எழுத ஆரம்பித்தது அது. (அவர் வீட்டில் யார் திட்டினார்களோ.) இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவது அந்த லினக்ஸின் கெர்னல், அதாவது மையப் பகுதிதான். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. தரமணி, சிறுசேரி ஐ.டி. அலுவலகங்களில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர்களில் பலரின் திரையில் விண்டோஸ் இருக்கும். ஆனால் அவர்கள் வேலை செய்துகொடுக்கும் சர்வர் பெரும்பாலும் லினக்ஸாக இருக்கும். ஈ.சி.இ. பையனுக்கு இன்னும் நெருக்கம். வீட்டு வைஃபை ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், புதுக் கார்களில் வரும் திரை என்று பலவற்றின் உள்ளே இருப்பது அதுதான். இப்படிக் கருவிகளுக்குள் கம்ப்யூட்டரை வைக்கும் எம்பெடட் துறைக்குப் போக நினைத்தால் இதைத் தொடாமல் போக முடியாது.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் (BOSS) என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதை உருவாக்கியது மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம். என்னிடம் வந்த பிள்ளைகளில் அந்த லினக்ஸை ஒரு தடவைகூடத் திறக்காதவர்களே அதிகம். உங்கள் பையன் தானாகக் கேட்கிறான்.

சரி, சிக்கலுக்கு வருகிறேன்.

டேலி விண்டோஸுக்காகச் செய்தது. லினக்ஸில் எப்படியாவது ஓடவைக்கும் குறுக்குவழிகளைப் பையன் சொல்வான். ஜிஎஸ்டி கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரி அந்தக் குறுக்குவழி நின்றுபோனால் கடைக்காரர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் அழிப்பது என்ற பேச்சே வேண்டாம்.

"அழிக்கவில்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்" என்பான். டூயல் பூட் என்று அதற்குப் பெயர். செய்யலாம்தான். ஆனால் இப்போது வரும் பல லேப்டாப்புகளில் டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டே வருகிறது, பிட்லாக்கர் என்பார்கள். பூட் அமைப்பில் கை வைத்தால் மறுநாள் விண்டோஸ் திறக்கும்போது 48 இலக்க எண்ணைக் கேட்கும். எனக்கே இது நடந்தது. அந்த எண் என் மைக்ரோசாப்ட் கணக்கில் பத்திரமாகத்தான் இருந்தது. கணக்கின் பாஸ்வேர்டு எந்த லேப்டாப்பில் சேமித்திருந்ததோ அந்த லேப்டாப்தான் பூட்டிக்கொண்டிருந்தது. ஒரு முழு நாள் போயிற்று. பையன் லினக்ஸ் போட்டாலும் போடாவிட்டாலும், அந்த எண்ணை இன்றே எடுத்து ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

மூன்றாவது, அப்பாக்கள் யாரும் கேட்காதது. வேலைவாய்ப்புத் தேர்வுகளை இப்போது வீட்டிலிருந்தே எழுதச் சொல்கிறார்கள். கேமரா வழியாகக் கண்காணிக்கும் மென்பொருள்கள் பலவும் விண்டோஸையும் மேக்கையும் மட்டுமே ஏற்கும். நிறைய கல்வி நிறுவனங்கள் பயன்படுத்தும் சேஃப் எக்ஸாம் பிரவுசருக்கு லினக்ஸ் பதிப்பே கிடையாது. என்னிடம் வந்த ஒரு பெண், நன்றாக கோடிங் செய்பவள், தேர்வு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் இதைக் கண்டுபிடித்தாள். பக்கத்து வீட்டு லேப்டாப்பை வாங்கி எழுதினாள். எழுதினாள் என்றுதான் சொல்ல முடியும். இறுதியாண்டு முடியும்வரை வீட்டில் ஒரு விண்டோஸ் இயந்திரம் சும்மாவாவது இருக்கட்டும்.

இனி எந்த லினக்ஸ் என்ற கேள்வி. லினக்ஸ் பல பெயர்களில் பல வகையாக வருகிறது. பையன் காலி (Kali) லினக்ஸ் என்ற பெயரைச் சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு மாணவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். அது நெட்வொர்க் பாதுகாப்பைச் சோதிக்கும் தொழில்காரர்களின் கருவிப்பெட்டி. லினக்ஸ் பழகுகிறவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று அதைத் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். கல்லூரி வைஃபையில் விளையாட்டாக ஆரம்பித்தது மோசடி எண்ணத்தோடு செய்த ஊடுருவல் என்று ஆகிவிட்டால், ஐ.டி. சட்டத்தின் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. இதை மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். அந்தத் துறையில் நல்ல வேலைகள் இருக்கின்றன, ஆனால் அங்கே போகும் வழி இது இல்லை.

என் தேர்வு லினக்ஸ் மின்ட். பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும், அதனால் முதல் வாரம் வீணாகாது. சந்தேகம் கேட்க ஆள் அதிகம் இருக்கும் இடம் வேண்டுமென்றால் உபுண்டு என்ற இன்னொரு வகை. எதுவானாலும் நீண்டகால ஆதரவுள்ள பதிப்பாகப் பார்த்துப் போடட்டும். இதைத் தாண்டி எது சிறந்தது என்று மாணவர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். காபி எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்கிற வாதம்தான் அதுவும்.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வீட்டு மூலையில் 4 ஜிபி ராமோடு ஒரு பழைய டெஸ்க்டாப் கிடக்கிறது, விண்டோஸ் 11 அதில் ஏறவில்லை என்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அந்தப் பெட்டி அப்படியே பழைய இரும்புக்குத்தான் போகும். அதை அவனிடம் கொடுத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான ஒரு எஸ்.எஸ்.டி., முடிந்தால் இன்னொரு 4 ஜிபி ராம். மின்ட் அதில் தாராளமாக ஓடும். அவன் உடைக்கட்டும், திரும்பப் போடட்டும், பத்துத் தடவை போடட்டும். உங்கள் டேலிக்கு ஒன்றும் ஆகாது.

இதனால் வேலை கிடைத்துவிடுமா என்று அப்பா கேட்பார். லினக்ஸ் போட்டேன் என்பதற்கு எவரும் சம்பளம் தருவதில்லை. நேர்முகத்தில் கேட்பது வேறு மாதிரி: "சர்வர் திடீரென்று மெதுவாகிவிட்டது, முதலில் எதைப் பார்ப்பாய்?" டிஸ்க் நிரம்பிவிட்டதா, எந்த புரோகிராம் மெமரியைத் தின்கிறது, லாக் ஃபைல் என்ன சொல்கிறது என்று வரிசையாகச் சொல்லும் பையன், வீட்டில் ஒரு பெட்டியை நாலு தடவை கெடுத்து நாலு தடவை சரிசெய்தவனாகத்தான் இருப்பான். ரெட் ஹாட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. சான்றிதழ் தேர்வும் அப்படித்தான். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் கிடையாது, கம்ப்யூட்டரில் செய்துகாட்ட வேண்டும். சான்றிதழ் 3 ஆண்டுதான் செல்லும், அதனால் இப்போதே பணம் கட்ட வேண்டாம். இறுதியாண்டுத் தொடக்கத்தில் யோசிக்கலாம். அதுவரை தான் செய்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவரச் சொல்லுங்கள். என்ன கெட்டது, எப்படிச் சரியானது என்று இரண்டு வரி போதும்.

எஸ்.எஸ்.டி. வாங்கச் சென்னை ரிச்சி தெருவின் கம்ப்யூட்டர் கடைகளுக்கு அப்பாவும் மகனும் சேர்ந்தே போகட்டும். ஞாயிறு வேண்டாம், பல கடைகள் சாத்தியிருக்கும். போகும் முன் பழைய ராமைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ராமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று வகைகள் உண்டு; டிடிஆர்3-க்குப் பதில் டிடிஆர்4 வாங்கி வந்தால் அந்த போர்டில் ஏறவே ஏறாது.