கிட்னி கேன்சர் நுரையீரலுக்குப் பரவிவிட்டது: முதலில் ஆபரேஷனா, மருந்தா?

தருமபுரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பாவுக்கு 58 வயது, இடது கிட்னியில் 9 செ.மீ. கட்டி, நுரையீரலில் சில புள்ளிகள். சேலத்து டாக்டர் உடனே கிட்னியை எடுக்கச் சொல்கிறார். பெங்களூரு டாக்டர் மூன்று மாதம் மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார்.

இரண்டுக்குமே நியாயம் உண்டு. முன்பெல்லாம் எடுத்துவிட்டு மருந்து என்பதுதான் வழக்கம். 2018இல் வந்த கார்மினா ஆய்வு அதை அசைத்தது. 450 பேரில், சுனிடினிப் மாத்திரை மட்டும் எடுத்த குழுவின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 18.4 மாதம், கிட்னியை எடுத்தபின் அதே மாத்திரை எடுத்த குழுவுக்கு 13.9 மாதம். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் நடுத்தர, மோசமான ரிஸ்க் உள்ளவர்கள். இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் மருந்து) அப்போது இந்தக் கணக்கில் இல்லை.

ஆகவே முதலில் அப்பாவின் ரிஸ்க்கை எண்ணுங்கள். ஹீமோகுளோபின் குறைவு, கால்சியம் அதிகம், நியூட்ரோபில் (ஒரு வகை வெள்ளை அணு) அதிகம், பிளேட்லெட் அதிகம், வழக்கமான வேலையைச் செய்ய முடியாமை, நோய் தெரிந்து ஓராண்டுக்குள் மருந்து தேவைப்படுவது: ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கண்டுபிடிக்கும்போதே பரவியிருந்தால் கடைசியது தானாகவே சேர்ந்துவிடும். அந்த ஒன்று மட்டும்தான், நோயின் பெரும்பகுதி கிட்னியிலேயே இருக்கிறது என்றால் சேலத்துக்காரர் சொல்வதில் தப்பில்லை. மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் மருந்துதான் முதலில். ஆபரேஷன் புண் ஆறக் காத்திருக்கும் வாரங்களில் நுரையீரலில் இருப்பது வளர்ந்துவிடும், சிலர் மருந்துக்கே வந்து சேர்வதில்லை. மருந்துக்குக் கட்டுப்பட்டால் பிறகு கிட்னியை எடுப்பது பற்றிப் பேசலாம்.

மருந்துக்கு முன் பயாப்சி (கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பது) கட்டாயம். ஊசி குத்தினால் பரவும் என்ற பயத்தில் தள்ளிப்போடாதீர்கள். கிட்னி கேன்சரில் அதிகம் வரும் கிளியர் செல் வகையா இல்லையா என்று தெரியாமல் மருந்து தேர்வு செய்ய முடியாது.

அதிகம் சொதப்பும் இடம், மாத்திரையை நிறுத்தும் தேதி. சுனிடினிப் போன்ற மாத்திரைகள் புது ரத்தக்குழாய் உருவாவதைத் தடுப்பவை, அதனால் தையலும் ஆறாது. ஆபரேஷனுக்கு முன் சுனிடினிப், கபோசன்டினிப் என்றால் 3 வாரம், பசோபனிப் 1 வாரம், அக்ஸிடினிப் குறைந்தது 2 நாள் நிறுத்த வேண்டும். பிறகு குறைந்தது 2 வாரம் கழித்து, புண் ஆறியதை சர்ஜன் பார்த்தபின்தான் மறுபடி தொடங்க வேண்டும். இம்யூனோதெரபி எடுத்திருந்தால் கிட்னியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு ஆபரேஷன் கடினமாகலாம்; அனுபவமுள்ள சர்ஜன் தேவை.

பசோபனிப் வெறும் வயிற்றில்: களி சாப்பிடுவதற்கு 1 மணி நேரம் முன்போ, 2 மணி நேரம் கழித்தோ. அது கல்லீரலைத் தாக்கக்கூடியது, கூடவே நாட்டு மருந்து வேண்டாம். சுனிடினிப் போன்றவற்றில் உள்ளங்கால் வெடித்துக் கொப்புளிக்கலாம், வெறுங்காலோடு வயலில் இறங்க விடாதீர்கள். வீட்டிலேயே பிபி பாருங்கள். இம்யூனோதெரபியில் பேதி வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு அடக்காதீர்கள். அது குடல் அழற்சியாக இருக்கலாம், ஸ்டீராய்டு தேவைப்படலாம், அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

முதல்வர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் எந்த மருந்து அதில் வரும் என்பதை முதல் டோஸுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.