துருக்கியை எந்தப் பத்தியில் போடுவது?

கட்டுரைக்காக நாடுகளை அமெரிக்காவின் நட்பு, பகை என்று இரண்டு பத்திகளாகப் பிரித்துக்கொண்டே வந்து, துருக்கியில் மாட்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அட்டவணையைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். துருக்கி 1952 முதல் அமெரிக்காவும் இருக்கும் ராணுவக் கூட்டணியான நேட்டோவில் உறுப்பினர். காகிதப்படி நட்பு நாடு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 2019இல் ரஷ்யாவிடமிருந்து எஸ்-400 ஏவுகணை அமைப்பை வாங்கியது. உடனே அமெரிக்கா துருக்கியை எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து வெளியேற்றியது. 2020 டிசம்பரில் அதன் ஆயுதக் கொள்முதல் அமைப்பின் மீது தடையும் போட்டது. கூட்டாளி மீதே தடை!

அதே துருக்கி 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும், தன் நீரிணைகளில் போர்க்கப்பல் போக்குவரத்தை வரையறுக்கும் 1936ஆம் ஆண்டின் மாண்ட்ரோ உடன்படிக்கையைக் காட்டி, போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்குக் கருங்கடலுக்குச் செல்லும் அந்த நீரிணைகளை மூடியது. உக்ரைனுக்கு அங்கிருந்து ட்ரோன்களும் போயின. ரஷ்யா மீதான மேற்கத்தியத் தடைகளில் மட்டும் சேரவில்லை, எரிவாயு வாங்குவதும் நிற்கவில்லை. சரி, இதை எங்கே எழுதுவீர்கள்?

நானாக இருந்தால் நாட்டுக்கு ஒரு முத்திரை குத்தாமல், விவகாரத்துக்கு ஒன்றாகக் குறிப்பேன்: பாதுகாப்பு, வணிகம், எரிசக்தி, ஐ.நா. வாக்கு. தலைவர்களின் பேச்சுக்குக் கடைசி இடம்தான். கைகுலுக்கும் படங்களுக்கு அதுவும் கிடையாது. கூடவே ஆண்டையும் எழுதுங்கள். 1979 புரட்சிக்கு முன் ஈரான் அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளி. அப்போது வாங்கிய அமெரிக்க எஃப்-14 போர் விமானங்கள் புரட்சிக்குப் பிறகும் ஈரானிடமே இருந்தன.

அப்புறம், ஒரே கூட்டணியில் இருப்பதால் கிரேக்கமும் துருக்கியும் நண்பர்கள் என்று எழுதிவிடாதீர்கள். 1974இல் கிரேக்க ஆதரவு ஆட்சிக்கவிழ்ப்பும் துருக்கியின் படையெடுப்பும் நடந்த சைப்ரஸ் பிரச்சினையைப் படித்துவிட்டு அந்தப் பகுதியைத் தொடுங்கள்.