நகையை அடகு வைத்து மொத்தக் கட்டணத்தையும் கட்டிவிடலாமா?

கேள்வி: கரூரில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம் 24,000 ரூபாய். மனைவி வீட்டில் தையல் வேலை செய்வதில் 8,000 வருகிறது. மகளுக்கு பொறியியல் கவுன்சிலிங்கில் கோவையில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) கிடைத்திருக்கிறது. கல்விக் கட்டணம் 55,000, இதரக் கட்டணம் 32,000, விடுதியும் சாப்பாடும் 78,000, காஷன் டெபாசிட் (திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை) 10,000 என்று சீட்டு கொடுத்திருக்கிறார்கள். ஆக 1,75,000 ரூபாய். கையில் 1,10,000 இருக்கிறது, 6 பவுன் நகை இருக்கிறது. மாதம் 6,000 மிச்சம் பிடிக்க முடியும். 65,000 ரூபாயில் ஒரு லேப்டாப்பும் பார்த்து வைத்திருக்கிறாள். மூன்று வாரத்தில் வகுப்பு ஆரம்பம். அவள் 6-ஆம் வகுப்பு முதல் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். வரும் நவம்பரில்தான் 18 வயது முடிகிறது. மூத்தவன் பி.காம். முடித்து வேலை தேடுகிறான். நானும் மனைவியும் கல்லூரிக்குப் போகாதவர்கள், அதனால் முதல் பட்டதாரி சலுகை கிடைக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நகையை வைத்து எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கட்டிவிடலாமா, கல்விக் கடனுக்கு அலைய வேண்டுமா?

பதில்: அலையுங்கள். உங்கள் வருமானத்துக்குக் கல்விக் கடன்தான் பொருத்தம். நகை இடையில் ஓரிரு மாதம் சமாளிக்க மட்டும். முதல் நாளுக்குள் எல்லாவற்றையும் கட்டி, எல்லாவற்றையும் வாங்கி முடித்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில்தான் பல குடும்பங்கள் கைக்காசைக் காலி செய்துவிட்டு, ஆறாம் மாதம் இரண்டாம் தவணைக்குக் கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்கின்றன. எதை இப்போது கட்ட வேண்டும், எது காத்திருக்கலாம் என்று பிரித்தாலே பாதி பாரம் குறையும்.

முதலில் சலுகைகளைப் பார்த்துவிடுவோம். முதல் பட்டதாரி சலுகை உங்களுக்குக் கிடையாது. பெற்றோர் மட்டுமல்ல, உடன்பிறந்தவர்களிலும் பட்டதாரி இருக்கக்கூடாது. உங்கள் மகன் பி.காம். முடித்துவிட்டார். அவர் அந்தச் சலுகையை வாங்கவில்லை என்பதால் மகளுக்குத் தருவார்கள் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. உறுதிமொழிப் பத்திரத்தில் நீங்களே கையெழுத்துப் போடுவதால், பின்னால் தெரியவந்தால் சிக்கல் உங்களுக்குத்தான். 7.5 சதவீத ஒதுக்கீடும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமே, அரசு உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. ஆனால் புதுமைப்பெண் திட்டம் உண்டு. 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கிய இந்தத் திட்டம், 2024-25 கல்வியாண்டு முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய். வருமான வரம்பு இல்லை. கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், விண்ணப்பம் அவர் வழியாகத்தான் போகும். சேர்ந்த வாரத்திலேயே அவர் யார் என்று கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இனி கடன். நான்கு ஆண்டுக்கு கல்விக் கட்டணமும் இதரக் கட்டணமும் சேர்த்து 3,48,000. அதோடு லேப்டாப்புக்கு 40,000 வைத்தால் 3,88,000. இந்தத் தொகைக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். காரணம் இருக்கிறது: இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை, 4 லட்சம் வரை உங்கள் பங்காக மார்ஜின் தொகையும் போட வேண்டாம். தாயோ தந்தையோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். 4 லட்சத்தைத் தாண்டினால் 5 சதவீதம் நீங்கள் போட வேண்டும். விடுதிச் செலவையும் கடனில் சேர்க்க விதி இடம் தருகிறது என்றாலும், உங்கள் கணக்கில் அதற்கு அவசியம் வரவில்லை. மாதம் 6,000 சேமிப்பு, புதுமைப்பெண் 1,000, ஆண்டுக்கு 84,000. விடுதிக்கு 78,000. இழுத்துப் பிடித்தால் சரியாக வரும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்: உணவுக் கட்டணம் நிலையானதா, ஆகும் செலவை மாணவிகளுக்குள் பிரித்துப் போடும் டிவைடிங் முறையா? டிவைடிங் என்றால் மாதாமாதம் பில் ஏறி இறங்கும். 78,000 என்பது முன்பணம்தான், அதுவே முழுக் கட்டணம் ஆகாது.

உங்களுக்கு மிகப் பெரிய லாபம் வட்டி மானியத்தில் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்புக்காக மாதிரித் திட்டத்தில் கடன் வாங்கினால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசே ஏற்கிறது. உங்கள் வருமானம் 3,84,000. நிபந்தனை கல்லூரி பக்கம்தான் இருக்கிறது: கல்லூரிக்கு நாக் (தேசிய தர மதிப்பீட்டுக் குழு) அங்கீகாரமோ, அந்தப் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரமோ இருக்க வேண்டும். சேர்க்கை அலுவலகத்தில் இதை வாய்மொழியாகக் கேட்காதீர்கள், சான்றிதழின் நகலைக் கேளுங்கள். கல்லூரிக்கே அங்கீகாரம் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். என்.பி.ஏ. என்பது பாடப்பிரிவு வாரியாகத் தருவது. மெக்கானிக்கலுக்கு இருந்து இ.சி.இ.க்கு இல்லாமல் போகலாம், காலாவதியும் ஆகியிருக்கலாம்.

மானியம் கிடைத்தால் எவ்வளவு மிச்சம்? வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 1,27,000, அடுத்த மூன்று ஆண்டும் தலா 87,000 வங்கி விடுவிக்கும். படிப்புக் காலத்தில் தனி வட்டிதான். ஐந்தாண்டு முடிவில் 1,41,800 ரூபாய் வட்டி சேர்ந்திருக்கும். மானியம் இருந்தால் இது உங்கள் தலையில் இல்லை. 3,88,000 அசலைப் பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 5,130. மானியம் இல்லாமல், வட்டியையும் கட்டாமல் விட்டால் அசல் 5,29,800 ஆகிவிடும், தவணை சுமார் 7,000. ஒருவேளை மானியம் கிடைக்காவிட்டால், முதல் ஆண்டில் மாதம் 1,060 ரூபாய் வட்டியை மட்டுமாவது கட்டி வாருங்கள். அப்படிக் கட்டுபவர்களுக்குச் சில வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் வரை குறைக்கின்றன. மாணவிகளுக்குத் தனியாக அரை சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு. இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது.

நகைக் கடனில் இந்த மானியம் இல்லை, படிப்பு முடியும்வரை அவகாசமும் இல்லை. ஓராண்டில் திருப்ப வேண்டும் அல்லது வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும், தவறினால் ஏலம். நான்காண்டுப் படிப்புக்கு ஓராண்டுக் கடன் ஒத்துவராது.

வங்கிக்கு நாளைக்கே போங்கள். ஒதுக்கீட்டு ஆணை, மகள் அங்கே படிக்கிறார் என்று கல்லூரி தரும் போனஃபைட் சான்று, நான்காண்டுக் கட்டண விவரம் கல்லூரி முத்திரையுடன், 10, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், இருவரின் ஆதார், பான், உங்கள் சம்பளச் சீட்டு, வருமானச் சான்று. இவற்றில் இழுத்தடிப்பது வருமானச் சான்றுதான். இ-சேவை மையத்தில் பதிந்தாலும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று கை மாற வேண்டும், அதனால் இதை முதலில் பதியுங்கள். சம்பளச் சீட்டில் இருப்பதைவிடக் குறைத்துக் காட்டாதீர்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துத்தான் வங்கியில் பார்ப்பார்கள், முரண்பட்டால் விண்ணப்பமே நின்றுவிடும். நீங்கள் உண்மையைச் சொன்னாலே வரம்புக்குள்தான் வருகிறீர்கள்.

“உங்கள் வீடு எங்கள் சர்வீஸ் ஏரியாவில் இல்லை” என்று கிளையில் சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். அந்தக் காரணத்துக்காகக் கல்விக் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. விண்ணப்பத்தை மத்திய அரசின் ஜன்சமர்த் இணையதளத்திலோ வங்கியின் சொந்த இணையதளத்திலோ பதிந்து எண் வாங்கிக்கொண்டு, அதன் அச்சுப் பிரதியோடு கிளைக்குப் போனால் “அடுத்த வாரம் வாங்க” என்பது குறையும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். மாதிரித் திட்டத்தில் உள்நாட்டுப் படிப்புக்குப் பரிசீலனைக் கட்டணம் கிடையாது. “முடித்துத் தருகிறேன், 5,000 கொடுங்கள்” என்று வரும் இடைத்தரகருக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம். மகளுக்கு 18 ஆகாததும் தடை இல்லை. இப்போது நீங்கள் ஆவணத்தில் கையெழுத்திடுவீர்கள், நவம்பருக்குப் பிறகு அவர் அதை ஏற்று ஒப்புதல் கடிதம் தர வேண்டும். அந்தத் தேதியை மறந்தால் இரண்டாம் ஆண்டுத் தொகை விடுவிக்கும்போது இழுபறி வரும்.

மூன்று வாரத்தில் கடன் கைக்கு வருமா என்பது சந்தேகம்தான். ஆகவே இப்படிச் செய்யுங்கள். விடுதிக் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி கேளுங்கள். பல கல்லூரிகள் தருகின்றன. காஷன் டெபாசிட் 10,000, விடுதி முதல் தவணை 39,000, ஆக 49,000 கையிருப்பிலிருந்து போகும். கல்விக் கட்டணத்துக்கு, கடன் விண்ணப்ப எண்ணைக் காட்டி ஒரு மாத அவகாசம் எழுதிக் கேளுங்கள். மறுத்தால் அப்போதுதான் நகை. 60,000 ரூபாய்க்கு என்ன தேவையோ அந்த அளவு நகை மட்டும் வங்கியில் வையுங்கள். 6 பவுனையும் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டாம். 10 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 1,500 ரூபாய், அவ்வளவுதான். கட்டிய கட்டணத்தை ரசீது காட்டிக் கடனிலிருந்து திரும்பப் பெற முடியுமா என்று, பணம் கட்டுவதற்கு முன்பே வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். சில வங்கிகள் தரும், சில கல்லூரிக் கணக்குக்கு மட்டும்தான் அனுப்பும். இரண்டாவது வகை என்றால், அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கல்லூரியிடம் கடிதம் வாங்க வேண்டியிருக்கும்.

இதரக் கட்டணம் 32,000 என்பதைக் கேள்வி கேட்காமல் கட்டாதீர்கள். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதற்குக் கட்டண நிர்ணயக் குழுவின் வரம்பு இருக்கிறது. எதெதற்கு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். சீருடை, பயிற்சி வகுப்பு, பேருந்து என்று இருந்தால், விடுதியில் தங்கும் பெண்ணுக்குப் பேருந்துக் கட்டணம் எதற்கு? ரசீதில் தலைப்பு வாரியாக இல்லாத தொகையை வங்கியும் கடனில் சேர்க்கத் தயங்கும்.

லேப்டாப்பை இப்போது வாங்க வேண்டாம். முதல் சில வாரம் அறிமுகப் பயிற்சி நடக்கும். முதல் பருவத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், தொடக்க நிலை நிரலாக்கம் (புரோகிராமிங்). அதற்கு 65,000 ரூபாய் இயந்திரம் தேவையே இல்லை, கல்லூரி ஆய்வகக் கணினியே முதல் மாதத்துக்குப் போதும். துறையில் என்ன மென்பொருள் என்று சீனியர்களிடம் கேட்டுவிட்டு 40,000 ரூபாய் அளவில், 16 ஜிபி ரேம் வரை ஏற்றக்கூடியதாகப் பாருங்கள். கடையில் கொட்டேஷன் வாங்கி வங்கியில் கொடுத்தால் கடனிலேயே போகும். பொறியியல் வரைபடம் வரையும் கருவியான மினி டிராஃப்டரையும் கடையில் புதிதாக வாங்க அவசரப்பட வேண்டாம். கிராஃபிக்ஸ் பாடம் முடித்த சீனியர்கள் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். முதல் நாளுக்கு வேண்டியது நிரல் எழுத முடியாத அறிவியல் கால்குலேட்டர், நான்கைந்து நோட்டு, விடுதிக்குப் பாய், வாளி, பூட்டு. பயணம் உட்பட 8,000 ரூபாய்க்குள் அடங்கும்.

வங்கிக் கணக்கு விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. பல கல்லூரிகளில் சேர்ந்த நாளே வளாகத்து வங்கியில் கணக்குத் தொடங்கச் சொல்வார்கள். அரசு உதவித்தொகை, ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு சீடிங் (இணைப்பு) ஆகியிருக்கிறதோ அதற்குத்தான் போகும். பாஸ்புக் நகல் கொடுத்த கணக்குக்குப் போகாது. புதுமைப்பெண் பணம் வரவில்லை என்று புகார் வரும்போது பாதி நேரம் பணம் மறந்துபோன ஒரு பழைய பள்ளிக் கணக்கில் கிடக்கும். மைஆதார் தளத்தில் வங்கி சீடிங் நிலையைப் பார்த்து, ஒரே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே பெயரையும் பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னாலும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னாலும் இருந்தால் இப்போதே திருத்துங்கள். மைனர் கணக்காக இருந்தால் நவம்பரில் கே.ஒய்.சி. புதிதாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

அசல் சான்றிதழ்களைக் கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, பத்து செட் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். கடைசிச் சுற்றில் வேறு கல்லூரி கிடைத்து மாறுவதானால், வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக்கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. அசல் சான்றிதழை வைத்துக்கொண்டு மிரட்டவும் கூடாது. விலகல் கடிதத்தைத் தேதியோடு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.